பெர்மனன்ட் ஆளுங்களுக்கு மட்டும்

சென்னையில கெடச்ச வேலைய விட்டுட்டு தஞ்சாவூர்ல ஒரு அரிசி ஏற்றுமதி கம்பெனியில சிஸ்டம் பாக்கப் போனேன். எல்லாம் அம்மாவுக்காக. அந்தக் கம்பெனி முதலாளி வீட்டு வயல்லதான் அது நாத்து நட்டுச்சு. அதே வீட்டு ஆபீஸ்ல புள்ள ஏசியில ஒக்காரணும்னு ஒரு வெறி. சேரும்போது காண்ட்ராக்ட். "கொஞ்ச நாள் போவட்டும், பெர்மனன்ட் போட்டுடலாம்"னார் முதலாளி. அத நம்பித்தான் மன்னார்குடியிலேந்து தெனம் பஸ்ல தொங்கிட்டு வந்தேன்.

அங்க யாரும் சொந்தப் பேர்ல லாகின் பண்ண மாட்டாங்க. கம்ப்யூட்டர் வந்த விஜயதசமிக்கு நல்ல நேரம் பாத்து, தேங்கா ஒடச்சு, முதலாளி பேர்ல தொறந்தது. அந்த லாகின மூடுனா ஆகாதாம். எல்லா மிஷின்லயும் அதே பேரு, அதே பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு அவங்க குலசாமி பேரு. டீ கொண்டு வர்றவருக்கே தெரியும்.

ஒரு நாள் எவனோ கலர்ல காதுகுத்து பத்திரிகை ஒரு கட்டு அடிச்சுட்டான். பிரிண்டர்ல போய்ப் பாத்தா, அடிச்சது முதலாளின்னு காட்டுது.

"என் பேர்ல எவன் வீட்டுக் காதுகுத்துடா?"ன்னு என்னக் கூப்புட்டார். "இனிமே ஆளுக்கு ஒரு லாகின். காண்ட்ராக்ட் ஆளு பிரிண்டர்ல கை வைக்கக் கூடாது. பெர்மனன்ட் ஆளுங்களுக்கு மட்டும். இத ஒழுங்கா முடி, ஒன்னையும் அந்தப் பக்கம் சேத்துடறேன்."

முடிச்சேன். சம்பளம் போடற சாப்ட்வேர்ல இருந்த ஆளுங்கள அப்படியே இழுத்து லாகின் போட்டேன். அதுல காண்ட்ராக்ட்னு இருந்த குரூப்புக்கு பிரிண்டர்ல தடை வச்சேன். மறுநாள் காலையில ஒருத்தருக்கும் பிரிண்ட் வரல.

மொத சத்தம் ஹெட் கிளார்க்கோடது. முதலாளியோட அப்பா காலத்து ஆளு. "லாரி நிக்குது, பில்லு வரல. காண்ட்ராக்ட்டுக்குத்தானப்பா பூட்டு? நான் பெர்மனன்டுப்பா"ன்னார். அப்பறம் சுத்தி ஒரு பார்வ. "நாத்துப் புடுங்கற கையில கீபோர்ட குடுத்தா இப்படித்தான்."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுதான் இன்னும் எரியுது.

டிரைவர அழிச்சு மறுபடி போட்டேன். கேபிள புடுங்கிச் சொருவுனேன். அவர் பேருக்குத் தனியா அனுமதி குடுத்தேன். ம்ஹூம். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் அனுமதியும் இன்னொரு பக்கம் தடையும் இருந்தா, தடைதான் ஜெயிக்கும். அப்ப எங்கயோ தடை ஒட்டிக்கிட்டு இருக்கு. அவர் எந்த குரூப்ல இருக்கார்னு பாத்தேன். காண்ட்ராக்ட். பக்கத்து சீட்டு? காண்ட்ராக்ட். மொத்த ஆபீஸும் காண்ட்ராக்ட்.

முதலாளி ரூமுக்குப் போனேன். "சார், சாப்ட்வேர்ல தப்பு இருக்கு. எல்லாரையும் காண்ட்ராக்ட்னு காட்டுது."

"தப்பு இல்லியே."

"ஹெட் கிளார்க் சாரயும் காட்டுது சார்."

"அவரும்தான். வருஷா வருஷம் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ குடுத்துட்டு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கறோம்ல? அதான் அந்த வருஷத்து காண்ட்ராக்ட். எவன் படிக்கறான். பெர்மனன்ட்னா நானும் மச்சானும்தான்."

நான் நவுரல. அவர் என்னப் பாத்தார். "அந்தாளு கத்தறார்ல? பிரிண்டர்ல மட்டும் அவர பெர்மனன்ட்ல தூக்கிப் போடு, பில்லு போவட்டும். நீயும் கேட்டுட்டே இருந்தல்ல, ஒன்னையும் அதுலயே போட்டுக்க."

வெளாட்டுக்குச் சொல்லல. நெசமாவே எனக்கு ஒரு நல்லது பண்ணிட்டதா நெனச்சார்.

வந்து ரெண்டு பேரையும் காண்ட்ராக்ட்லேந்து தூக்கி பெர்மனன்ட்ல போட்டேன். ஹெட் கிளார்க் பில்லு சரசரன்னு வந்துச்சு. எனக்கு வாய் சும்மா இருக்கல. "சார், நீங்களும் காண்ட்ராக்ட்தான். தீபாவளிக்குக் கையெழுத்து போடறீங்கள்ல, அதுக்குத்தான் அது."

சூடா இருந்த பில்ல என் மூஞ்சிக்கு நேரா ஆட்டுனார். "பாரு, வருதுல்ல? காண்ட்ராக்ட்னா வருமா? நீதானப்பா பூட்டு போட்ட. போடா, வயித்தெரிச்சல் புடிச்சவனே."

பில்லுதான் வந்துச்சே.

அவர் போனதும் என் பயோடேட்டாவ அடிச்சேன். கலர்ல. பெர்மனன்ட் ஆளு, எவன் கேப்பான்.

வீட்டுக்குள்ள நொழையறப்பவே அம்மா கேட்டுச்சு. "இன்னிக்காவது போட்டாங்களாடா?"

"போட்டாச்சு."

முந்தானைய ஒதறிக்கிட்டு தெருவுல சொல்லப் போயிடுச்சு. நான் பைய எடுத்து, பயோடேட்டாவ அடியில வச்சு, சட்டைய அடுக்க ஆரம்பிச்சேன்.