பத்தொன்பது வீட்டுக்கு ஒரு மின்னஞ்சல்

லிஃப்ட் ஐந்தாம் மாடியில் நின்றதும் மனோரஞ்சிதம் கையிலுள்ள தாள்களில் மேலே இருப்பதை எடுத்து, எழுத்து உள்ளே போகும்படி மூன்றாக மடிக்கிறார். 508இன் கதவைத் தட்டுகிறார். கதவு திறக்கச் சற்று நேரமாகும். பொன்னம்பலத்தாருக்கு எண்பத்தொரு வயது.

"பிள்ளை, இண்டைக்கு எனக்கு ஏதும் வந்திருக்கோ?"

"கண் ஆஸ்பத்திரியில இருந்து வந்திருக்கு அங்கிள்."

"என்னவாம்?"

"அது எனக்குத் தெரியாது. பேரை மட்டும்தான் பாப்பன். மிச்சம் உங்கட பாடு."

வோபர்ன் என்ற பகுதியில் பன்னிரண்டு மாடிகள் கொண்ட அந்தக் கட்டடத்திலும் பக்கத்துத் தெருக்களிலுமாகப் பத்தொன்பது வீடுகளுக்கு மனோரஞ்சிதம்தான் தபால்காரி. யாரும் நியமிக்கவில்லை. விண்ணப்பப் படிவங்களில் மின்னஞ்சல் என்றொரு கட்டம் கட்டாயமாக வரத் தொடங்கிய காலத்தில், அது இல்லாதவர்கள் எல்லாரும் அவரிடம் இருந்த ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். "மனோவின்ரயைப் போடுங்கோ" என்பது அங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. வைத்தியரின் கடிதம், பாடசாலைக் கடிதம், கடவுச்சீட்டுக் கடிதம் எல்லாம் ஒரே பெட்டியில் வந்து விழும். காலையில் அச்செடுத்து, கதவு கதவாகக் கொடுத்துவிட்டு, இரண்டு மணிக்குப் பாண் பேக்கரியில் பொதி கட்டும் வேலைக்குப் போவார். கட்டையான உருவம். நடக்கும்போது சத்தமே வராது. யாருக்கு என்ன கடிதம் வந்தது என்று அவர் வாயிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கட்டடத்தில் அது சின்ன விஷயமல்ல.

சென்ற மாசியில் பனியில் சறுக்கி விழுந்து பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த நாட்களில் பெட்டியைத் திறக்க ஆளில்லை. பொன்னம்பலத்தாரின் கண் சத்திரசிகிச்சைத் தேதி அப்படித்தான் தவறிப்போனது. கிழவர் ஒரு சொல் குறைசொல்லவில்லை. ஆனால் மனோரஞ்சிதத்துக்கு அது உள்ளே கிடந்து உறுத்தியது. "நான் விழுந்தா பத்தொன்பது வீடும் விழுது. இது சரிவராது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த வேளையில்தான், அவருடைய மின்னஞ்சலை நடத்தும் நிறுவனம் இலவசப் பெட்டியின் கொள்ளளவைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அந்த மாத முடிவில் பெட்டி நிரம்பியிருந்தால் புதுக் கடிதம் எதுவும் உள்ளே வராது.

"அம்மா, ஜஸ்ட் சுவிச் பண்ணுங்கோ. ஃபைவ் மினிட்ஸ் வேலை" என்றாள் மிசிசாகாவில் வேலை செய்யும் மகள் கஜனி.

"உனக்கு அஞ்சு நிமிசம். எனக்குப் பத்தொன்பது வீடு."

"அப்ப பழைய மெயில் எல்லாத்தையும் டிலீட் பண்ணுங்கோ."

"என்ர எண்டால் அழிப்பன். மற்ற ஆக்களின்ர கடிதத்தை அழிக்க நான் ஆர்?"

மரக்கறி வாங்குவதுபோல அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். இரண்டு இடங்களில் இலவசக் கணக்குத் திறந்தார். நிறுவனங்களின் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. ஏற்கெனவே இருப்பதைப் பழையவர் என்றும், எல்லாரும் வைத்திருப்பதைப் பெரியவர் என்றும், கஜனியே கேள்விப்படாத ஒன்றைச் சின்னவர் என்றும் சொல்லிக்கொண்டார். ஒரே கடிதத்தை, அரசாங்கக் கடிதம் மாதிரியே எழுதி, மூவருக்கும் அனுப்பினார். பெரியவர் அதைக் கொண்டுபோய் விளம்பரங்களுக்குள் போட்டார். சின்னவர் முகப்பிலேயே வைத்தார். பிறகு அவர் தேடிப் பார்த்த கேள்விகளைக் கேட்டுக் கஜனி சிரித்தாள். ஊருக்குப் போய் ஒரு வருடம் நின்றுவிட்டு வந்தால் பெட்டி இருக்குமா? எழுத்தைப் பெரிதாக்கலாமா? பாஸ்வேட் மறந்தால் கதைக்க ஒரு மனுசர் உண்டா? கடைசிக் கேள்விக்கு மூவரிடமும் பதில் இல்லை.

"பெரியவர் எல்லாத்தையும் மோந்து பாக்கிறார். எண்டாலும் உங்கட பிள்ளையளுக்கு அவரைப் பழக்கம். சிக்கல் வந்தா அவை திருத்துவினம்" என்று ஏழு பேரிடம் சொல்லி, ஒரு சனிக்கிழமை காலை நூலகத்துக்கு வரச்சொன்னார். பத்தொன்பதில் முதல் ஏழு. ஒருவருக்கு ஒரு பெட்டி. இனி அவரவர் கடிதம் அவரவருக்கு.

பிழை அங்கேதான் நடந்தது. கணக்குத் திறக்கும்போது ஆளைச் சரிபார்க்க ஒவ்வொருவரின் தொலைபேசிக்கும் ஓர் இரகசிய இலக்கம் வரும். ஒருவர் போனை வீட்டில் விட்டு வந்திருந்தார், இன்னொருவருடையதில் சார்ஜ் இல்லை. "பரவாயில்லை, என்ர நம்பரைப் போடுவம்" என்றார் மனோரஞ்சிதம். பிறகு எல்லாருக்கும் அதையே போட்டார். படிவத்தில் மின்னஞ்சலைக் கொடுத்துப் பழகிய கைக்குத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுப்பது பெரிதாகத் தோன்றவில்லை. ஒரே கணினி, ஒரே காலை, ஒரே தொலைபேசி இலக்கம். ஆறு பெட்டி திறந்தது. ஏழாவதில் பெரியவர் மறுத்தார். மத்தியானத்துக்குள் ஆறையும் பூட்டிவிட்டார்.

"என்னைக் கள்ளி எண்டு நினைச்சிட்டார் போல" என்று மனோரஞ்சிதம் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். செலீன் மட்டும் சிரிக்கவில்லை.

செலீன் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்ற்றில் மகளுடன் இருப்பவர். புருசன் இல்லை. வாடகை குறைந்த அரசாங்க வீட்டுக்குப் பதினொரு வருடமாகப் பட்டியலில் காத்திருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை, இன்னும் வீடு வேண்டுமா என்று கேட்டு ஒரு கடிதம் வரும். பத்து நாளுக்குள் ஓம் என்று பதில் அனுப்பாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அந்தக் கடிதம் வர வேண்டியது இந்த மாதம்தான்.

"மனோக்கா, நான் ஒரு வேலை செய்திட்டன்." செலீன் தன் போனை எடுத்துக் காட்டினார். "நேற்றே நினைச்சு வச்சிருந்தன். பெட்டி திறந்த சந்தோசத்தில உடனயே வீட்டுப் பட்டியலின்ர வெப்சைற்றில புது அட்ரசை மாத்திப் போட்டன். திரும்ப மாத்த அந்தப் பூட்டின பெட்டிக்குத்தான் இலக்கம் வருமாம்."

புதுப் பெட்டியில் ஒரு கடிதம் வந்ததைக் கண்ணால் கண்ட பிறகுதான் எவருக்கும் அறிவிப்பது என்று மனோரஞ்சிதம் ஏழு பேருக்கும் இரண்டுதரம் சொல்லியிருந்தார். அதை இப்போது அவர் ஞாபகப்படுத்தவில்லை.

"சரி. பயப்பிடாதையும். திங்கட்கிழமை ஒஃபிஸ் திறக்கட்டும்."

அன்று பின்னேரமே செலீனின் போனில் சின்னவரிடம் ஒரு பெட்டி திறந்தார்கள். சின்னவர் தொலைபேசி இலக்கம் கேட்பதில்லை. இடம் குறைவு, ஆனால் ஒரு ஆளின் கடிதங்களுக்குக் காணும். பாஸ்வேட் அடிக்கும்போது மனோரஞ்சிதம் எழும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். "நான் தெரிஞ்சு வைச்சிருந்தா அது உம்மட பெட்டி இல்லை." திறந்ததும் தன் போனிலிருந்து ஒரு கடிதம் அனுப்பினார். செலீன் அதைக் கண்டு தலையாட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை பேக்கரிக்கு வரமாட்டேன் என்று சொன்னார். ஆஸ்பத்திரி நாட்களை விட்டால், எட்டு வருடத்தில் முதல் தடவை. வீட்டுப் பட்டியல் அலுவலகத்துக்கு எடுத்தால், காலை ஒன்பது மணி தொடக்கம் தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லும் வாத்தியம்தான் ஒலித்தது. இடையில் இணைப்பு இரண்டுதரம் அறுந்தது. ஒவ்வொரு தரமும் அவர் மறுபடி இலக்கத்தை அழுத்தினார். மத்தியானம் கழிந்து ஒரு பெண் பேசினாள். மனோரஞ்சிதம் பக்கத்தில் இருந்த செலீனிடம் போனைத் தள்ளிவிட்டு, புது முகவரியை ஒரு தாளில் பெரிய எழுத்தாக எழுதிப் பிடித்தார். செலீன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். ஓர் எழுத்தும் பிசகவில்லை.

கடிதம் வெள்ளிக்கிழமையே புறப்பட ஆயத்தமாகி, இன்று காலை பூட்டிய பெட்டிக்குப் போய்விட்டதாம். புதியதற்கு இன்னொன்று அனுப்புவார்களாம். ஆனால் பத்து நாள் இன்றிலிருந்தே எண்ணப்படுமாம்.

செவ்வாய் வரவில்லை. புதன் வரவில்லை. செலீன் வேலையிடத்து மலசலகூடத்துக்குள் நின்று பெட்டியைத் திறந்து பார்ப்பதாகப் பிறகு சொன்னார். மனோரஞ்சிதம் அந்த நாட்களில் மற்ற வீடுகளுக்குப் போனார், ஒரு நாளைக்கு ஒரு வீடு. அவரவர் வீட்டில், அவரவர் போனில், சின்னவரிடம் ஒரு பெட்டி. "ஏன் பிள்ளை இவ்வளவு மினக்கெடுறாய்? நீதானே கொண்டந்து தாறாய்?" என்று பொன்னம்பலத்தார் முறுகினார். "நான் வந்து தேத்தண்ணி குடிப்பன் அங்கிள். கடிதம் உங்களிட்டையே வரட்டும்" என்றார். கிழவரிடம் மட்டும் மூன்று நாளும் போக வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை செலீன் ஓடி வந்தார். கால்சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. போனை மேசைக்கு மேலே நீட்டினார்.

"வந்திட்டுது மனோக்கா. வீட்டுப் பட்டியல்காரர். எனக்குப் பயமாக் கிடக்கு, நீங்களே வாசிச்சு அதை அமத்தி விடுங்கோ. கீழ ஒரு பச்சைக் கட்டம் கிடக்கு."

மனோரஞ்சிதம் போனை வாங்கவில்லை. "உமக்கு வந்த கடிதம் செலீன். நீர் வாசியும்."

"எழுத்து சின்னன். எனக்கு வடிவாத் தெரியேல்லை."

மனோரஞ்சிதம் தன் வாசிப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சுவெற்றர் நுனியால் இரண்டு பக்கமும் துடைத்தார். மேசையைச் சுற்றி வந்து, அதைச் செலீனின் மூக்கில் வைத்து, இரண்டு காதுக்குப் பின்னாலும் மெல்லச் செருகிவிட்டார்.