திசைகாட்டிக்குப் பக்கத்தில் மாதா

சின்னத்துறை ஊர் மீனவர் மரியஜான் மூன்று பேரிடம் கேட்காமல் எதையும் முடிவு செய்ததில்லை. காய்ச்சல் வந்தால் இரண்டு டாக்டரையும் ஒரு மருந்துக்கடைக்காரரையும் பார்ப்பார். மகளுக்குப் பெயர் வைக்கவே மூன்று பங்குத்தந்தையரைக் கேட்டார் என்று மனைவி லீமா சொல்லிச் சிரிப்பாள்.

2009இல் புது விசைப்படகு இறக்கியபோதும் அதே கதைதான். கூட்டாளியும் லீமாவின் தம்பியுமான ஜான்ரோஸ், ஜிபிஎஸ்ஸும் ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டரும் ஒரே திரையில் வருகிற பெட்டியைக் கொச்சியில் பார்த்து வைத்திருந்தான்.

"ஒரே பெட்டி மச்சான். ஒரு கண்ணாலயே எல்லாம் பாக்கலாம்."

"அந்தக் கண்ணு மூடிச்சுன்னா?"

"மூடாது."

"நீ என்ன, அதுக்க அம்மையா?"

கடைசியில் ஜிபிஎஸ் தனியாகவும் சவுண்டர் தனியாகவும் வாங்கி, ஆளுக்கொரு பேட்டரி கொடுத்தார். பழைய முள் திசைகாட்டியையும் விடவில்லை. பங்குத்தந்தை வந்து படகை மந்திரித்த அன்று லீமா, காருக்குள் வைக்கிற சின்ன மாதா சுரூபம் ஒன்றைத் திசைகாட்டியை ஒட்டி நிறுத்தி, அசையாமல் டேப்பும் சுற்றினாள். அதைப் பற்றி மட்டும் மரியஜான் யாரிடமும் கேட்கவில்லை.

முதல் தடவை கடலுக்குப் போகும்போது வெயில், திசைகாட்டியை யாரும் பார்க்கவில்லை. திரும்புகையில் மழை கரையை மறைத்துவிட்டது. குளச்சலுக்கு முன்னால் நீருக்குள் பாறைகள் உண்டு. வழி பிசகினால் படகு மிஞ்சாது. படகு வடக்கே போகிறது என்றது ஜிபிஎஸ். வடமேற்கே என்றது முள்.

"முள்ளு பொய் சொல்லாது மச்சான். கரண்டு குடிக்கியதுதான் பொய் சொல்லும்" என்றான் ஜான்ரோஸ்.

மரியஜான் எஞ்சின் வேகத்தைக் குறைத்தார். "மூணாமத்த ஆளுகிட்ட கேப்போம்."

ஜிபிஎஸ் சொல்வது சரியென்றால் கொஞ்ச தூரத்தில் அவர்களுக்குத் தெரிந்த பார், அந்தக் கடலடி மேடு, வர வேண்டும். வராவிட்டால் முன்னால் பாறை. எல்லாரும் சவுண்டர் திரையையே பார்த்தார்கள். தட்டையாகப் போய்க்கொண்டிருந்த கோடு, நெடுநேரம் கழித்து, படுத்திருந்த மாடு எழுந்திருப்பதுபோல மெல்ல முதுகைத் தூக்கியது.

"பார் வந்தாச்சு" என்று உட்கார்ந்துவிட்டான் ஜான்ரோஸ்.

முள் ஏன் ஏமாற்றியது என்று மரியஜான் குனிந்து பார்த்தார். டேப்பைப் பிரித்துச் சுரூபத்தைத் தூக்கியதும் முள் சட்டென்று வடக்கே திரும்பியது. சுரூபத்தின் அடியில் வட்டக் காந்தம்.

"மாதாவா மச்சான் நம்மள வழி மாத்தினது?"

"ஏலே, மாதாவச் சொல்லாத. காந்தத்தச் சொல்லு."

கரையில் நடந்ததைச் சொன்னதும் லீமா கேட்ட முதல் கேள்வியே மாதாவைப் பற்றித்தான். "மாதாவ எங்க மாத்துனிய?"

"சோத்துப் பானைக்கு மேல. அங்கதான் எல்லாவனும் தவறாம வருவினும்."

"மூணு பேருகிட்ட கேட்டுத்தானே மாத்துனிய?"

"ஆமா. மூணும் ஒண்ணுபோலச் சொல்லிச்சு."

இப்போது அந்தப் படகை ஜான்ரோஸ்தான் ஓட்டுகிறான். மரியஜான் காலமான பிறகு ஜிபிஎஸ் இரண்டு முறை மாறிவிட்டது. மாதா மட்டும் அடுப்புப் புகையில் கறுத்து, சோற்றுப் பானைக்கு மேலேயே இருக்கிறாள். கடலுக்குப் போகுமுன் ஜான்ரோஸ் அவள் முகத்தை மட்டும் துடைத்துவிடுவான்; இடத்தை மாற்றுவதில்லை.