ஒரு நாள் என்பது எது

என் கணவர் வலங்கைமான் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் பாய்லர் பார்த்துவந்தார். அப்போது சம்பா அறுவடை. நெல் லாரி லாரியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு வேலைக்குப் போனவர், மாற்று ஆள் வராததால் இரவும் நின்றுவிட்டு, விடிந்து நன்றாக வெயிலேறிய பிறகுதான் பைக்கில் கிளம்பியிருக்கிறார். வழியில் கண் அசந்துவிட்டது. வண்டியோடு வாய்க்காலில் விழுந்துவிட்டார். வயலுக்குப் போனவர்கள் தூக்கியபோது உயிர் இல்லை.

துக்கத்துக்கு வந்த ஆலை மேனேஜர் என் மாமியாரிடம், "நடுவுல நல்லா தூங்குனாரும்மா, நானே பாத்தேன்" என்றார். அத்தை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "எம்புள்ள தூங்கி எந்திரிச்சுதான் கெளம்பிருக்கான்" என்று சொல்லிச் சொல்லித்தான் அவரால் சாப்பிட முடிந்தது.

அளவுக்கு மீறி வேலை வாங்கினார்கள் என்று நான் தஞ்சாவூரில் வழக்குப் போட்டேன். ஆலைத் தரப்பு மறுத்தது. சட்டப்படி நாள் என்பது நள்ளிரவில் தொடங்குகிறது. அதற்கு முன் பார்த்த வேலை ஒரு நாளுக்கு, பின் பார்த்தது மறுநாளுக்கு. இரண்டிலுமே வரம்பு மீறவில்லை என்றார்கள். அவர் ஒரே மூச்சாக நின்ற நேரத்தை இப்படி நடுவில் கிழித்தார்கள்.

எங்கள் வக்கீலம்மா அமைதியாகச் சொன்னார்: "சட்டம் அதோட நிக்கலம்மா. ஒரு ஷிப்ட் நடுராத்திரியத் தாண்டிப் போனா, தாண்டுன நேரமும் முந்தின நாளோடதான் சேரும். ஆனா அது ஒரே ஷிப்ட்னு நாம காட்டணும். நடுவுல படுத்துத் தூங்குனாருன்னு அவங்க சொல்றாங்க. தூங்கலன்னு நிரூபிக்கணும்."

சாட்சி விசாரணை அன்று அத்தையை வர வேண்டாம் என்றேன். "எம்புள்ள கேசுக்கு நான் வராம வேற யாரு வர்றது?" என்று எனக்கு முன்பே புடவை மாற்றிக்கொண்டு நின்றார்.

கூட வேலை பார்த்தவர் சாட்சி சொன்னார். "தூங்க ஏதுங்க நேரம்? ஒரு தடவ சாக்கு மேல சாஞ்சாரு. அதுக்குள்ள அடுத்த நெல்லு வந்துடுச்சு. நான்தான் தட்டி எழுப்புனேன்." எங்கள் பக்கம் திரும்பினார். "அப்புறம் உக்காரக்கூட இல்லைங்க."

அத்தை என் கையைப் பிடித்திருந்தார். மெல்ல விட்டுவிட்டார்.

வெளியே வராந்தாவில் கேட்டார்: "அப்ப அவன் தூங்கவே இல்லையா?"

கொஞ்சம் தூங்கினார் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. "இல்ல அத்தை" என்றேன்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அவர் வேலை பார்த்தது ஒரே ஷிப்ட், அது ஒரே நாள்தான், வரம்பு மீறப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். வக்கீலம்மா என் தோளைத் தட்டிக்கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "தோத்திருக்கலாம்" என்றார்.

இப்போதெல்லாம் சாப்பிட்டதும் அத்தைக்குப் பாய் விரித்துக் கொடுக்கிறேன். படுக்கிறார். சற்று நேரத்தில் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார்.

"கண்ண மூடுனா முழிச்சிக்கிட்டு நிக்கிறான்மா" என்கிறார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.