நான்கு குழல் ஹார்ன்

பாம்பாமுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று அவனுக்கே தெரியாது. பட்டறைக்கு வரும் லாரிக்காரர்கள் முதல் எதிர்க்கடை டயர்க்காரர் வரை எல்லோருக்கும் அவன் பாம்பாம்தான். வண்டிகளுக்கு ஹார்ன் மாட்டுவது தொழில். ரயில் மாதிரி ஊளையிடும் ஏர் ஹார்ன் வேண்டுமா, காற்று டேங்க், கம்ப்ரசர், குழல் எல்லாவற்றையும் மாட்டி, மாட்டிய கையோடு ஊதியும் காட்டிவிடுவான். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அவன் மட்டும் குழலுக்குப் பக்கத்திலேயே கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்பான். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று சொன்னவர்களை, "பஞ்சு வச்சுக்கிட்டா ஹார்ன் பேசுறது எப்படிக் கேட்கும்?" என்று மடக்குவான்.

ஹார்ன் பேசுவது கேட்டது. மனிதர்கள் பேசுவதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்காமல் போனது. இதை அவன் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஹார்ன் மாட்டுகிறவனுக்கே காது கேட்காது என்றால் ஊர் சிரிக்குமே. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பான். போனில் யாராவது அழைத்தால், "டவர் இல்ல, டவர் இல்ல" என்று கத்திவிட்டு வைத்துவிடுவான்.

மனைவி அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறான் என்று நினைத்தாள். இந்த மனுஷன் தன்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்று மனம் வெறுத்துப்போய், மகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்போதாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். வீம்பு பிடித்தவன், வாயைத் திறக்கவில்லை. கூட்டி வரப் போனபோது மச்சான் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசியதும், "இனி இந்த வாசப்படியை மிதிச்சா நான் மனுஷனே இல்ல" என்று சபதம் வேறு போட்டுவிட்டு வந்தான்.

மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்று சாயங்காலம் கொஞ்ச நேரம் மகள் அவனோடு காரில் சுற்றிவிட்டு வரலாம் என்று மனைவி ஒத்துக்கொண்டிருந்தாள். மற்ற நாட்களை அவன் அதற்காகத்தான் தள்ளினான். படியேற மாட்டேன் என்றவன் மகளை எப்படிக் கூப்பிடுவது? தெருவில் காரை நிறுத்தி ஹார்ன் அடித்தான்.

முதலில் இருந்தது சாதாரண ஹார்ன். அவன் காதுக்கு அது கொசு முனகுவது போலத்தான் இருந்தது. நமக்கே கேட்காதது மாடியில் இருக்கிற பிள்ளைக்கு எப்படிக் கேட்கும்? இரட்டைக் குழல் மாட்டினான். அதுவும் மங்கியபோது, நான்கு குழல் ரயில் ஹார்னையே மாட்டிவிட்டான். டிக்கி முழுக்கக் காற்று டேங்க். "என்னய்யா, ஹார்னுக்குச் சக்கரம் வச்சு ஓட்டுறியா?" என்றார் டயர்க்காரர்.

ஒரு தடவை பொத்தானை அழுத்தினால் போதும், மகள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வருவாள். பட்டறையில் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான். "அப்பன் ஹார்ன் கேட்டா எம் பொண்ணுக்குக் கால் தரையில நிக்காது, தெரியுமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஓடி வந்தாள், காரில் ஏறவில்லை. ஜன்னலோரம் நின்று மூச்சு வாங்கினாள்.

"அப்பா, இனிமே ஹார்ன் அடிக்காத, ப்ளீஸ். கீழ் வீட்டுக் கைக்குழந்தை வீல் வீல்னு கத்துது. தெருவே என்னைத்தான் முறைக்குது. நான் எதுக்கு இப்படி ஓடி வர்றேன்னு நினைச்ச? நீ இன்னொரு தடவை அடிச்சிடக் கூடாதுன்னுதான்."

உதட்டைத் தப்பாகப் பார்த்திருக்கக் கூடாதா என்று ஏங்கினான். அவள் கண்ணைப் பார்த்ததும் தப்பில்லை என்று தெரிந்தது.

"சும்மா தமாஷுக்குத்தாம்மா அடிச்சேன். இனி அடிக்கல."

"நீ வந்து நின்னா போதும். நான் ஜன்னல்ல பார்த்துட்டு இறங்கி வந்துடுவேன்."

பட்டறைக்குத் திரும்பி, தான் மாட்டிய குழல்களையும் பொத்தானையும் தானே கழற்றினான். பிள்ளை ஓடி வருவதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு அழுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் சத்தம் காட்டாமல் வந்து நின்றது. ஜன்னலில் மகள் இல்லை. இறங்கி வந்துகொண்டிருப்பாள் என்று நினைத்து, அவள் உட்காரும் சீட்டைத் துடைக்கக் குனிந்தான். அதில் ஒரு தூசிகூட இருக்கக் கூடாது அவனுக்கு. மூலை முடுக்கெல்லாம் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது தெருவில் யாரும் இல்லை. காத்திருந்தான். பொழுது சாயும்வரை காத்திருந்தான்.

எதிர் வரிசைத் தையல்காரர் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து அவன் முன்னால் நின்றார்.

"என்னங்க மனுஷன் நீங்க? நீங்க குனிஞ்சு துடைச்சிட்டு இருந்தப்போ பொண்ணு உங்க முதுகுக்குப் பின்னாடிதான் நின்னுச்சு. அப்பா, அப்பான்னு கூப்பிட்டுச்சு. ஹார்ன் அடிக்காதன்னு சொன்னதுக்குக் கோபமான்னு கேட்டுச்சு. தோளைத் தொட வந்துட்டு, பயந்து கையை இழுத்துக்கிச்சு. அம்மாகிட்ட இருந்த மாதிரியே என்கிட்டயும் இருக்கியாப்பான்னு அழுதுகிட்டே போயிடுச்சு. நீங்க திரும்பிக்கூடப் பார்க்கலையே!"

அவன் கை தானாகக் காருக்குள் போய்ப் பொத்தானைத் தேடியது. பொத்தான் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

சபதமாவது மண்ணாங்கட்டியாவது! கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடினான். படியேறி, கதவுக்குப் பக்கத்தில் இருந்த காலிங் பெல்லை அழுத்தினான்.

"அப்பாவுக்குக் காது கேட்காதும்மா" என்றான் மூடிய கதவைப் பார்த்து. கத்தினானா, முணுமுணுத்தானா என்று அவனுக்கே தெரியவில்லை. உள்ளே மணி அடிக்கிறதா என்பதும் தெரியவில்லை. யாராவது "வர்றேன்" என்றார்களா, "போ" என்றார்களா, அதுவும் தெரியவில்லை. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றான்.