இரண்டு கார்டும் ஒரு ஜோடி சாக்ஸும்

என் தங்கை கணவர் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிய செய்தி எனக்குப் போனில் படமாக வந்தது. பிறந்த பிள்ளையைத் தூக்குவதுபோல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மூன்று விசிறி, முழங்கை நீளம். "கொச்சில இருந்து வந்துருச்சு மச்சான்" என்று கீழே எழுதியிருந்தார். பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சித்திரபுரத்தில் நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். என்னிடம் இருந்தது ஏழு வருஷத்துக் கார்டு. அதன் இரண்டு விசிறிகளில் ஒன்று மாற்றிப் போட்டது. மாதம் ஒருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி வைப்பேன். வெட்டி ஒட்டிய துண்டுகளையெல்லாம் கோத்து ஒரே படமாக வெளியே தள்ளும் வேலைக்கு ரெண்டர் என்று பெயர். அதன் வேகம் பெரும்பாலும் இந்தக் கார்டின் கையில்தான் இருக்கிறது. என் கார்டு ஒரு முழுக் கல்யாணத்தைத் தள்ளி முடிப்பதற்குள் நான் குளித்துச் சாப்பிட்டுச் சின்னதாக ஒரு தூக்கமும் போட்டுவிடுவேன். அந்தப் படம் வரும்வரை இதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

மாப்பிள்ளை சின்னக்கானலில் ஜீப் ஓட்டுகிறவர். எடிட்டிங் பழகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆவணியில் அவருடைய தங்கைக்குப் போடியில் கல்யாணம். "எந்தங்கச்சி கல்யாணப் படத்த நாந்தான் பண்ணணும் மச்சான். அதுக்குத்தான் இத வாங்குனேன்" என்றார். நியாயமான ஆசைதான், எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் எங்கள் சொந்தத்தில் இதுவரை நடந்த அத்தனை கல்யாணத்துக்கும் படம் என் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது. இதை அவர் செய்தால் அடுத்ததற்கும் அவர் வாசலுக்குத்தானே போவார்கள்? வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, நன்றாகவே எரிந்தது.

கல்யாணத்துக்கு மறுநாள் சின்னக்கானலில் விருந்து. வந்தவர்கள் முன்னால் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று பெண்வீட்டார் ஆசைப்பட்டார்கள். அதாவது ஒரே நாளில் வேலை முடிய வேண்டும். நானே பேச்சை எடுத்தேன்.

"ரெண்டு கார்டையும் ஓட்டிப் பாத்துருவோம் மாப்ள. எது முந்துதோ அந்த வீட்லயே படத்தப் பண்ணுவோம்."

"அதுக்கென்ன மச்சான், வாங்க" என்றார் சிரித்துக்கொண்டே. தோற்கப் போகிறேன் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வீம்பு விடவில்லை.

பத்து நிமிஷத் துண்டு ஒன்றை என் வீட்டில் ஓட்டினேன். இருபத்திரண்டு நிமிஷம் பிடித்தது. அதே துண்டைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, ஆடி மழையில் பஸ் பிடித்துச் சின்னக்கானல் போனேன்.

அவர் பட்டனை அழுத்தியதும், எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் பச்சைக் கோடு ஓட்டமாக ஓடியது. இரண்டு நிமிஷத்துக்குள் பாதி முடிந்திருந்தது. தங்கை டீ கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். அப்புறம்தான் கோடு தடுமாறியது. நகரும், நிற்கும், கொஞ்சம் யோசிக்கும். உள்ளே விசிறிகள் அலறின.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். தங்கை மகளின் பள்ளிக்கூடச் சாக்ஸ் இரண்டும் சூடான காற்று வெளியே வரும் ஓட்டைகளை மூடிக்கொண்டு தொங்கின. பக்கத்தில் அவளுடைய ஈர ஸ்வெட்டர். எல்லாம் இதமாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஆடி மழையில் எங்கள் மலை ஊர்களில் துணி காயாது. சூடு எங்கே இருக்கிறதோ அங்கே போடுவோம். அடுப்புக்கு மேலே, பிரிட்ஜுக்குப் பின்னால், குண்டு பல்பைச் சுற்றி என்று இடம் பார்க்கமாட்டோம். என் மனைவியும் ஒருமுறை என் கார்டின் வாயில் ஈரத் துண்டைக் காயப் போட்டு வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவரும் அளவுக்குக் கத்தினேன். சூடு வெளியே போகாவிட்டால் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

கையை நீட்டி இரண்டு சாக்ஸை எடுத்திருந்தால் போதும். நான் நிமிர்ந்து உட்கார்ந்து டீயைக் குடித்தேன். அத்தனை ருசியான டீயை அந்த வீட்டில் நான் அதற்குமுன் குடித்ததில்லை.

இருபத்தைந்து நிமிஷம் ஆனது.

"பழசு ஜெயிச்சிருச்சே மச்சான்" என்றார் மாப்பிள்ளை. முகம் செத்துப்போயிருந்தது. "ஏன் இப்பிடி?"

"லைன் கரண்டு மாப்ள. புதுசெல்லாம் கரண்ட ரொம்பக் குடிக்கும். இங்க வோல்டேஜ் பத்தாது" என்றேன். வாய் கூசவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவரே சித்திரபுரத்துக்கு வந்து நின்றார். கையில் கார்டுப் பெட்டி.

"கரண்டு பொறக்குற பவர் ஹவுஸே ஒங்க பக்கந்தான மச்சான். இங்க ஓடும். என் வீட்ல சும்மா கெடக்குறதுக்கு, தங்கச்சி படத்துக்காவது ஒதவட்டும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கை அதற்குள் பெட்டியை வாங்கிவிட்டது. மாட்டி, அதே துண்டை ஓட்டினேன். நான்கு நிமிஷம்! ஏழு வருஷமாக எதை வைத்து மாரடித்திருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. சந்தோஷப்பட வேண்டியவன், இது என்னுடையது இல்லையே என்று மறுபடியும் புழுங்கினேன்.

தாலி கட்டிய அன்று மத்தியானமே போடிமெட்டு ஏறி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். பொழுது சாய்வதற்குள் படம் தயார். மறுநாள் விருந்தில் பெரிய டிவியில் போட்டோம். தன் தங்கை மணப்பெண்ணாகத் தலைகுனிந்து நிற்கும் இடத்தில் மாப்பிள்ளை அழுதார். "பழைய கைதான் கை" என்று ஒரு பெரியவர் என் தோளில் தட்டினார். மாப்பிள்ளையும் ஆமாம் என்று தலையாட்டினார்.

சாப்பாடு முடிந்ததும் கார்டை அவருடைய கம்ப்யூட்டரில் நானே திரும்ப மாட்டிக் கொடுத்தேன். அவர் பக்கத்தில் டார்ச் பிடித்தார். கடைசி ஸ்குரூவை முடுக்கும்போது தங்கை வந்தாள்.

"அப்பாடா! இது போனதுல இருந்து பாப்பா சாக்ஸே காயல, அண்ணே" என்று ஈரச் சாக்ஸைப் பின்பக்கம் தொங்கவிடப் போனாள்.

"அங்க போடாத! மூச்சு முட்டிச் செத்துரும் அது!" என் கை தானாகப் போய் அவள் கையைத் தட்டிவிட்டது. சாக்ஸ் தரையில் விழுந்தது.

மாப்பிள்ளை குனிந்து அதை எடுத்தார். ஓட்டைகளைப் பார்த்தார். சாக்ஸைப் பார்த்தார். கணக்குப் போட அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"அன்னைக்கும் கெடந்துச்சே, மச்சான்" என்றார் மெதுவாக. "நீங்க எட்டிப் பாத்தீங்களே."

முன்னறையில் யாரோ படத்தை இரண்டாம் முறை போட்டிருந்தார்கள். நான் தலையைத் திருப்பிக்கொண்டு அதையே பார்த்தேன். அவருடைய தங்கை காரில் ஏறிக் கையசைத்தாள். திரை இருண்டு, என் பெயர் வந்தது.