நடுக்கோட்டில் நின்ற மார்லிஸ்

சிரித்தவர்கள் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள். யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டால் நாலு தலைமுறைக்குச் சொல்வேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

மார்லிஸ் என் தம்பி ஆல்வினின் மகள். எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கால் நீளம். எங்கள் அப்பாவின் தங்கை இங்கா, பன்றிப்பட்டி வேலியை ஒரே தாண்டாகத் தாண்டித்தான் கல்யாணம் செய்துகொள்ள ஓடினாள். அந்தக் கால்தான் மார்லிஸுக்கும். பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் கூடைப்பந்து ஆடினாள். நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட ஆட்டத்தில் கூடைக்குப் பந்து போட்டதில்லை. போடத் தெரியாமல் இல்லை. போடக்கூடாது.

அயோவாவில் அப்போது பெண் பிள்ளைகளுக்குத் தனி ஆட்டம். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். மைதானத்தைக் குறுக்கே கோடு போட்டுப் பிரித்திருக்கும். மூன்று பேர் அந்தப் பாதியில் நின்று கூடைக்குப் போடுவார்கள், மூன்று பேர் இந்தப் பாதியில் நின்று தடுப்பார்கள். கோட்டை யாரும் தாண்டக்கூடாது. பந்தை இரண்டு தட்டுக்கு மேல் தட்டக்கூடாது. முழு மைதானம் ஓடினால் பெண்ணுக்கு இதயம் வெடித்துவிடும் என்று எவனோ ஒரு காலத்தில் சொல்லி வைத்தான். வைக்கோல் கட்டு தூக்கும்போது வெடிக்காத இதயம், பன்றிக்குத் தண்ணீர் சுமக்கும்போது வெடிக்காத இதயம், பந்தோடு ஓடினால் மட்டும் வெடிக்குமாம். நாங்களும் நம்பினோம். நம்பினோம் என்றுகூட இல்லை, யோசிக்கவில்லை.

மார்லிஸ் தடுப்பவள். அவள் கையில் பந்து வந்தால் கோடு வரைக்கும் கொண்டுபோய் அந்தப் பக்கம் நிற்பவளிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் உலகம். படிப்பு முடிந்து தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடும் வேலைக்குப் போனாள். எட்டு வருஷம் போயிற்று. அப்புறம்தான் எழுபத்தெட்டில், பெண்களுக்கும் சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் லீக் வந்தது. எங்கள் பக்கத்து அணிக்கு லார்க்ஸ் என்று பெயர். அதை நடத்தியவர் கிராண்டல். பன்றித் தீவனம் விற்றுப் பெரிய ஆளானவர். அவர் கடைச் சாக்கு ஒவ்வொன்றிலும் அவர் முகம் அச்சடித்திருக்கும், பல் முப்பத்திரண்டும் தெரிய.

அணித் தேர்வுக்கு வந்தவர்களில் மார்லிஸைப் போலத் தடுக்க ஆளில்லை. எடுத்துக்கொண்டார்கள். ஆல்வின் அன்றைக்குக் காப்பிக்கு இரண்டு தடவை சர்க்கரை போட்டான். அதுதான் அவன் சந்தோஷம்.

வெளியூர்ப் பெண்களை வீடுகளில் தங்கவைத்தார்கள். என் வீட்டு மாடி அறைக்கு எர்லீன் வந்தாள். மிசிசிப்பிக்காரி, கறுப்புப் பெண், கல்லூரியில் ஆடியவள், வாய் சும்மா இருக்காது. எங்கள் தெருவில் ஜன்னல் திரை விலகாத வீடில்லை. பார்த்தவர்கள் பெயரும் எனக்குத் தெரியும்.

முதல் ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இந்த லீக்கில் ஐந்து பேர், முழு மைதானம், கோடு ஒரு தடையே இல்லை. மார்லிஸுக்கு அது தெரியும். பயிற்சியில் சரியாகத்தான் ஓடினாள். ஆனால் அன்றைக்கு அரங்கம் நிறைய எங்கள் ஜனம். எதிரணி சிகாகோ. அந்த அணிப் பெண் ஒருத்தியின் கையிலிருந்து பந்தைப் பறித்தாள். எதிரே யாருமில்லை. ஓடினாள். கோட்டுக்கு முன்னால் ஷூ கிறீச்சிட நின்றுவிட்டாள். பந்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் கொடுக்க ஆளைத் தேடினாள்.

எங்கள் ஜனத்தில் முதலில் யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கு அது பிழையாகவே தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாராவது வந்து வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்றுதான் பார்த்தோம். சிரித்தது சிகாகோ பெண்கள். அப்புறம் கிராண்டல் சிரித்தார். அவர் சிரித்த பிறகு ஊரும் சிரித்தது.

அன்று ராத்திரி என் வீட்டில் சாப்பிடும்போது எர்லீன் மார்லிஸைச் சும்மா விடவில்லை. அவளுக்கு எர்லீன் வைத்த பெயர் சோளக்கொல்லை.

“ஏய் சோளக்கொல்லை, பந்தை வச்சுக்கிட்டு யாருக்குடி காத்திருந்த? நான் என்ன பஸ்ஸா, வந்து ஏத்திக்கிட்டுப் போக? அந்தக் கோட்டுல என்ன, கரண்டா ஓடுது? பன்னிக்குக் கரண்டு வேலி போட்ட மாதிரி?”

மார்லிஸ் தட்டிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்: “பன்னிக்கு ஒரு தடவையாவது ஷாக் அடிச்சாத்தான் தெரியும். எங்களுக்கு அடிக்காமலே தெரியும்.”

எர்லீன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஆட்டத்துக்குக் கிராண்டல் ஒரு மத்தளக்காரனைக் கூட்டி வந்தார். கடைசி இரண்டு நிமிஷத்துக்கு மட்டும் மார்லிஸை இறக்கச் சொல்லி, பயிற்சியாளர் நோர்பியிடம் உத்தரவு. அவள் கையில் பந்து வந்ததும் மத்தளம் உருளும், கோட்டில் நிற்க வேண்டும், நின்றதும் தாளம் டமாரென்று அடிக்கும். தீவனக் கடைகளில் போஸ்டர் ஒட்டினார்: கோட்டில் நிற்கும் பெண்ணைப் பார்க்க வாருங்கள். சர்க்கஸில் கரடிக்கு ஒட்டுவதுபோல. முதல் தடவை அவள் தெரியாமல் நின்றாள். அப்புறம் ஒவ்வொரு வாரமும் நிற்கவைத்தார்கள். நிற்காவிட்டால் அணியில் இடமில்லை. பந்தே தொடாமல் எடை மேடையில் உட்கார்ந்திருந்த எட்டு வருஷத்தை யோசித்துப் பார்த்து நின்றாள்.

இது போதாதென்று, கிராண்டல் பெண்களையெல்லாம் பட்டணத்துக்கு அனுப்பி எப்படி உட்காருவது, எப்படிப் பவுடர் போடுவது என்று சொல்லிக் கொடுக்கவைத்தார். நோர்பிக்கு மட்டும் யாரும் பவுடர் போடச் சொல்லவில்லை. அவருக்குத்தான் தேவைப்பட்டது.

டிசம்பரில், பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, எர்லீனும் மார்லிஸும் ஆல்வினின் டிராக்டர் கொட்டகையில் ஆட ஆரம்பித்தார்கள். ஆல்வின் சுவரில் இரும்பு வளையம் அடித்துக் கொடுத்தான். தரையில் சுண்ணாம்புக் கோடு. நான் காப்பி கொண்டுபோவேன். மார்லிஸ் ஓடி வருவாள், கோட்டுக்கு இரண்டடி முன்னால் இடது பாதம் தானாகவே பிரேக் போடும். எத்தனையோ தடவை. தன் காலையே அறைந்துகொண்டு அழுதாள். “என் கால் என் பேச்சைக் கேக்கலியே, அத்தை. இது யார் காலு?” என்று கேட்டாள்.

எர்லீன் மூலையிலிருந்த காலித் தீவனச் சாக்குகளை இழுத்து வந்து கோட்டின்மேல் வரிசையாகப் பரப்பினாள். கிராண்டலின் முகம் வரிசையாக மேலே பார்த்துப் பல்லைக் காட்டியது.

“இப்போ கோடு இல்லை. இவருதான் இருக்காரு,” என்றாள். “மிதி.”

மார்லிஸ் முதலில் சிரித்தாள். அப்புறம் மிதித்தாள். கிறிஸ்துமஸுக்குள் அந்த முகம் அழிந்து சாக்கு கந்தலாகிவிட்டது. ஜனவரியில் சாக்கை எடுத்தார்கள். கால் நிற்கவில்லை. வளையம் வரை போய், பலகையில் தட்டிப் பந்தை உள்ளே போட்டாள். ஆல்வின் டிராக்டருக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினான்.

பிப்ரவரியில் எங்கள் சர்ச் விருந்துக்குக் கிராண்டல் வந்தார். தட்டில் பன்றித்தொடை இறைச்சியோடு உட்கார்ந்திருந்தவரிடம் மார்லிஸ் போய் நின்றாள். நான் அடுத்த மேஜையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. இனி என்னால் கோட்டைத் தாண்ட முடியும், என்னை ஆட விடுங்கள், வேடிக்கை வேண்டாம் என்று பணிவாகத்தான் சொன்னாள்.

“கண்ணு,” என்றார் அவர். அணியில் எல்லாரும் அவருக்குக் கண்ணுதான், பெயரைத் தெரிந்துகொள்ளவே இல்லை. “பந்தைக் கூடையில போட ஊருக்கு ஊர் ஆள் கிடைக்கும். நின்னு காட்டுறவ நீ ஒருத்திதான். கடைசி ஆட்டத்தை உங்க ஊருப் பள்ளிக்கூடத்துலயே வச்சிருக்கேன், உனக்காக. ஜனம் அதைப் பாக்கத்தான் வரும். நின்னுட்டா அடுத்த வருஷமும் நம்மகூட இருப்ப. தாண்டினா, எடை மேடை காலியாத்தான இருக்கு?”

அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். அந்தச் சூடான காப்பிக் கெட்டிலை அவர் மடியில் கவிழ்க்காமல் நான் எப்படி இருந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. சர்ச் என்பதால் இருக்கும்.

மார்ச்சில் கடைசி ஆட்டம். அவள் பள்ளிக்கூடத்தில் ஆடிய அதே மைதானம், அதே கோடு, புதுசாக வண்ணம் அடித்து. நிற்க இடமில்லை. என் பக்கத்தில் ஆர்லோ, என் சித்தி மகன், மார்லிஸுக்குப் பெரியப்பா முறை. அவளைத் தோளில் தூக்கிச் சந்தைக்குக் கொண்டுபோனவன். பாப்கார்ன் தின்றுகொண்டே, “எப்பத்தான் நிக்கப் போறா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

லார்க்ஸ் டெக்சஸ் அணியிடம் தோற்றுக்கொண்டிருந்தது. கடைசியில் நோர்பி அவளை இறக்கினார். மத்தளக்காரன் குச்சியைத் தூக்கினான். டெக்சஸ் பெண் ஒருத்தி பந்தை விட்டெறிய, மார்லிஸ் இடையில் புகுந்து பறித்தாள். எதிரே ஆளில்லை. மத்தளம் உருண்டது.

அப்போது கத்தினார்கள். என் ஜனம். நான் பிரசவம் பார்க்கக் கூட இருந்த பெண்கள், நான் தாலாட்டிய பிள்ளைகள், என் சொந்த ரத்தம். “நில்லு! நில்லு! நில்லு!” என்று கால் தட்டித் தாளம் போட்டு. ஆர்லோ எழுந்து நின்று, வாயில் பாப்கார்னோடு, எல்லாரையும்விடச் சத்தமாக.

அவள் கோட்டைப் பார்க்கவே இல்லை. தாண்டிப் போனாள். இங்கா வேலி தாண்டிய கால். பலகையில் தட்டி உள்ளே போட்டாள். மத்தளக்காரன் தாளத்துக்குத் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

முதலில் கைதட்டியது எர்லீன். அப்புறம் ஆல்வின், மறுபக்கத்தில், தனியாக. அப்புறம் நான். மற்றவர்கள் ஊளையிட்டார்கள். ஏமாந்துபோனவர்கள் ஊளையிடுகிற மாதிரி. ஒரு பாப்கார்ன் டப்பா மைதானத்தில் விழுந்தது. ஆர்லோ என் பக்கம் திரும்பி, “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? இதை யாரு வேணாலும் செய்வாங்களே,” என்றான்.

அவன் தொப்பி பெஞ்சில் மல்லாக்க இருந்தது. கையிலிருந்த காப்பியை அதில் ஊற்றினேன். அது சர்ச் இல்லையே.

கிராண்டல் இருந்த இடத்திலிருந்தே, வெளியே எடு என்று கையைக் காட்டினார். நோர்பி அவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பெஞ்சிலிருந்த அடுத்த பெண்ணை உள்ளே போகச் சொன்னார். அந்தப் பெண் குனிந்து ஷூ கயிறு கட்ட ஆரம்பித்தாள். கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். ஆட்டம் முடிகிற மணி அடிக்கும்வரை கட்டிக்கொண்டே இருந்தாள். அந்த நேரம் முழுக்க மார்லிஸ் ஆடினாள். இந்தக் கூடைக்கும் அந்தக் கூடைக்கும் ஓடினாள். இன்னொரு தடவை போட்டாள், விழவில்லை. லார்க்ஸ் தோற்றது. இதயம் வெடிக்கவில்லை.

வெளியே போகும் வழியில் கிராண்டல் அவளை நிறுத்தி, “கெடுத்துட்டியே கண்ணு,” என்றார்.

“என் பேரு மார்லிஸ். உங்க மூஞ்சியை மிதிச்சுத்தான் தாண்டக் கத்துக்கிட்டேன்,” என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. எர்லீன் சுவரில் சாய்ந்து சிரித்த சிரிப்பு மட்டும் புரிந்திருக்கும்.

அடுத்த வருஷம் அவளைக் கூப்பிடவில்லை. கொஞ்ச காலத்தில் அந்த லீக்கே போய்விட்டது. மார்லிஸ் எடை மேடைக்குத் திரும்பினாள். கிராண்டல் சாக்கு ஏற்றிய லாரி வந்தால், வெயிலோ பனியோ, வரிசையின் கடைசிக்குப் போகச் சொல்லுவாள். வாழ்நாளில் சம்பளத்துக்கு அவள் போட்டது அந்த ஒரே கூடை.

இப்போது டிவியில் பெண்கள் முழு மைதானமும் ஆடுகிறார்கள், அரங்கம் நிறைகிறது. எங்கள் ஊர்க் காப்பிக் கடையில் சுவரில் டிவி உண்டு. அங்கே ஆர்லோ சாகும்வரை, ஆட்டம் ஓடும்போதெல்லாம் ஒரு கதை சொன்னான். எங்க மார்லிஸ் கோட்டைத் தாண்டின அன்னிக்கு நான் அங்க இருந்தேன், எழுந்து நின்னு ‘ஓடு, கண்ணு, ஓடு’ன்னு கத்தினேன், அதைக் கேட்டுத்தான் தாண்டினா என்று. அவன் பேரப் பிள்ளைகளும் இப்போது அதையே சொல்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமைகூட ஒருத்தி என்னிடமே சொன்னாள்.

பொய். நில்லு என்றுதான் கத்தினான். பக்கத்தில் நின்றது நான்.