பார்சல் அறைக்கு ஒரு நிலைப்படி

காரைக்குடி ஸ்டேஷன் கட்டும்போது கதவு, சன்னல் வேலை பார்த்த ஆசாரிகளில் எங்கள் அப்பாவும் ஒருவர். வெள்ளைக்காரன் காலம். செட்டியார் வீடுகளில் ஒரு தூணில் இருக்கும் பூ இன்னொன்றில் வரக் கூடாது என்று செதுக்கிப் பழகிய கைக்கு, எல்லாச் சன்னலும் ஒரே அளவு, ஒரே மாதிரி என்பது முதலில் அவமானமாக இருந்ததாம். பிறகு அதுவே அவருக்குப் பெருமையாகிவிட்டது. கனத்த காரைச் சுவர், தலைக்கு மேலே வளைவுகள், வெக்கை தெரியாத உயரத்தில் ஓட்டுக் கூரை, பழைய தண்டவாளத்தையே நிமிர்த்தி நட்ட பிளாட்பாரத் தூண்கள். மாயவரம் லைனும் திருச்சி லைனும் சேருகிற ஜங்ஷனாக்கும் என்று சொல்லும்போது குரலே மாறும். இதையெல்லாம் அவர் தோளில் தூக்கிவைத்துக் காட்டியது என் தம்பிக்கு. நான் சோற்றுத் தூக்கோடு பின்னால் நடப்பேன்.

என் படிப்பை அஞ்சாம் வகுப்போடு நிறுத்தி உளியைக் கையில் கொடுத்தார். தம்பியை எட்டு வரை படிக்க வைத்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்காததால் ஆறவும் இல்லை.

அப்பா காலமான பிறகு, அறுபதுகளின் கடைசியில், ஸ்டேஷன் பார்சல் அறையைப் பெரிதாக்கினார்கள். நாங்கள் இருவரும் தினக்கூலிக்குப் போனோம். வேலை முடிந்ததும் ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக, கட்டட வேலையை மேற்பார்க்கும் ரயில்வே இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மரம் வெடித்துவிடுமோ, அளவு தவறிவிடுமோ என்று ஒரு பக்கம். தம்பி வரைபடத்தை விரித்து இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பான், இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் குனிவார், அது இன்னொரு பக்கம். இருவரும் சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும்.

பெரிய வாசலின் நிலை என் பொறுப்பு. இழைத்து, மூட்டில் இடைவெளி விழாமல் இறுக்கி, நல்ல நேரம் பார்த்து நிறுத்தினேன். கீழ்ப்படியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். கொத்தனார் சுற்றிலும் பூசி முடித்தார். வேலை முடியட்டும் என்று காத்திராமல் மறுநாளே போர்ட்டர் முதல் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். சக்கரம் படியில் முட்டி நின்றது. வண்டியில் ஆத்தங்குடித் தரைக்கல். பெட்டிக்குள் கல் உடைகிற சத்தம் பிளாட்பாரம் வரை கேட்டது.

"என்ன ஆசாரியாரே, மருமக வலதுகால் வச்சு வரவா படி போட்டீக?" என்றார் போர்ட்டர்.

எங்கள் பக்கம் வீடுகளுக்குப் படியில்லாத நிலையை யாரும் செய்ததில்லை. வரைபடத்தில் படி இல்லை என்று தெரிந்திருந்தாலும், சொல்லாமலே தெரியும் என்று விட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பேன். பிறகு போய்ப் பார்த்தால், அப்பா செய்த ஸ்டேஷன் நிலைகளுக்கும் படி கிடையாது. அத்தனை வருஷம் அவற்றுக்குள் போய்வந்தும் நான் கீழே பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். படியை அறுத்து எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். குங்குமம் வைத்த படியில் ரம்பத்தை வைக்க எனக்குக் கை வரவில்லை. அது குடும்பத்துக்கே ஆகாது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அறுக்க வேணாம்ண்ணே. தரைக்கு மேப்பூச்சு இன்னும் போடலையில்ல? உள்ள தரையைப் படி மட்டத்துக்கு ஏத்திருவோம். பிளாட்பாரத்துப் பக்கம் சரிவாப் பூசிட்டாப் போதும். கதவு இன்னும் மாட்டல, அடியில கொஞ்சம் கொறச்சுக்கிருவோம்."

எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது. அதுதான் எரிந்தது.

அப்படியே செய்தோம். தளம் காய்ந்ததும் வண்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை தள்ளச் சொல்லிப் பார்த்துவிட்டு, யாருடைய யோசனை என்று கேட்டார்.

"அண்ணன் யோசனைங்க," என்றான் தம்பி.

இன்ஸ்பெக்டர் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படியென்றால் என்னையே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா தோளில் உட்கார்ந்து வந்தவன், இப்போது எனக்கு வேலை போட்டுத் தருகிறான்.

"இல்லீங்க. அது தம்பி யோசனை," என்றேன்.

வேலை அவனுக்குப் போனது. கொத்தனார் என் தோளைத் தட்டினார். அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று போர்ட்டர் ஊருக்குள் செக்காலை வரைக்கும் சொல்லிவிட்டார். கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

வீட்டுக்காரி மட்டும் நம்பவில்லை. "கைக்கு வந்ததை எதுக்கு விட்டீக?" என்றாள்.

"அவன் குடுத்து நான் வாங்கணுமா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

தம்பி வேலைக்குச் சேருகிற அன்று காலையில் எங்கள் வாசலுக்கு வந்து நின்றான். முதல் நாள், தனியாகப் போக ஒரு மாதிரி இருக்கிறது, அண்ணனும் கூட வந்தால் தேவலை என்று என் வீட்டுக்காரியிடம் சொல்வது கேட்டது. எனக்குத் தலைவலி என்று சொல்லச் சொன்னேன்.